தண்ணீர் பிடிக்க வந்தவள்

ஊரில் யார் வீட்டு அடுப்பில் எது கருகினாலும் முதலில் என் மூக்குக்குத்தான் தெரியும். கேட்டதில் கொஞ்சம் உப்பும் காரமும் சேர்த்துச் சொல்வேன் என்று ஊரார் சொல்வார்கள், நான் மறுப்பதில்லை. ஆனால் இதில் ஒரு கல் உப்புகூட நான் போடவில்லை. போன நவம்பரில், எங்கள் கடலோர ஊரான செதெய்ராவில், என் வீட்டிலேயே நடந்தது.

எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம். சான் அந்த்ரெஸ் கோயிலுக்கு உயிரோடு போகாதவர் செத்த பிறகாவது போயே ஆகவேண்டும். தனியாக அல்ல. வீட்டார் ஒருவர் புறப்படுவதற்கு முதல்நாள் கல்லறைக் கல்லில் மூன்று தட்டுத் தட்டி அழைத்தால், அப்போதிருந்து அவர் கூடவே வருவார். வண்டியில் அவருக்கும் ஓர் இடம் விட வேண்டும். கோயிலுக்கு முன்னால் இருக்கும் கற்குவியலில், மூன்று முறை பேரைச் சொல்லி, "இங்கேயே இரு" என்று விட்டுவிட்டு வர வேண்டும். சொல்லாவிட்டால்? கூட வந்தவர் கூடவே இருப்பார். எந்த ஊருக்குப் போனாலும்.

என் கணவர் டெல்மீரோ, "பன்னிரண்டு கிலோமீட்டர்தானே, கோயில் எங்கே ஓடிவிடப் போகிறது" என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போனார். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் நானும் அதையே சொன்னேன். கடைசியில் என் முழங்கால் எச்சரித்தது. கிளம்பினேன்.

மாலை 5:40. சுவரில் அடுக்கடுக்காகக் கல்லறை மாடங்கள். அவருடைய கல்லில் மூன்று தட்டு.

"எழுந்திருங்க. நாளைக்கு ஒன்பது மணிக்கு வேன். வாங்க, போகலாம்."

பின்னால் தண்ணீர் சத்தம்.

திரும்பினேன். ஒரு பெண். முதுகில் அவளைவிடப் பெரிய மூட்டை. கல்லறைக் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். கடலோரம் நடந்து வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் பிடிப்பார்கள். வேறெங்கே பிடித்தாலும் என்னைப்போல யாராவது வந்து கேள்வி கேட்பார்கள் அல்லவா?

பெயர் யோலிதா. லிதுவேனியாக்காரி. வயது இருபத்தாறு. போர்ச்சுகலின் தென்முனையிலிருந்து ஏழு மாதமாகத் தனியாக நடை. இன்னும் இரண்டு நாள், பிறகு வீடு. கல்லறை வாசலைத் தாண்டுவதற்குள் இவ்வளவையும் வாங்கிவிட்டேன். காதலன் கிடையாது, அதையும்தான். மாடி அறையைக் கொடுத்தேன்.

இரவு 8:10. கீரையும் கிழங்கும் போட்ட சூப்பை இரண்டு தட்டில் ஊற்றினேன்.

"அவர் சாப்பிட மாட்டாரா?" என்றாள்.

"யாரு?"

"கல்லறையிலேர்ந்து நம்மகூட நடந்து வந்தாரே. காலை இழுத்து இழுத்து."

கரண்டி என் கையிலிருந்து நழுவியது. படகில் விழுந்து இடுப்பு முறிந்த நாளிலிருந்து டெல்மீரோவுக்கு வலது கால் இழுக்கும். அதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. நான் சொல்லாமல் விட்ட விஷயம் உலகத்தில் குறைவு. அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

"குளிருதா அம்மா? கரண்டி விழுந்துடுச்சே."

"ஆமா. குளிர்தான். நீ போய்ப் படு."

9:40. விளக்கை அணைத்தேன்.

கூடத்தில்... டக்.

சர்ர்ர்...

டக். சர்ர்ர்...

என் கதவுக்கு நேரே வந்தது. நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டேன். பிறகு என் கதவைத் தாண்டி... மாடிப்படி ஏறியது. அவள் அறை வரைக்கும்.

பயம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். ஒன்பது வருஷம் கழித்து வந்த மனுஷன்! கட்டினவள் கீழே கிடக்கிறாள்!

காலையில் மாடி அறை காலி. விடியும் முன்பே நடக்கத் தொடங்கிவிட்டாள்.

வேன் ஓட்டுகிற ஷென்ஷோதான் ஊர்க் கல்லறைக்கும் காவல். உயிரோடு இருப்பவர்கள், செத்தவர்கள், இரு தரப்பும் அவன் பொறுப்பு.

"அக்கா, மாமாவுக்கு ஜன்னலோரமா? காத்து வரும்."

"உன் வாயைத் தைக்க. வண்டியை எடு."

முதல் வளைவிலேயே, அவருக்கு விட்ட இருக்கையில் வைத்த என் பை சறுக்கிக் கீழே விழுந்தது. செத்த மாமியாரை இப்படி அழைத்துப்போன அன்று, அவர் மடியில் அது ஓர் அங்குலம் நகரவில்லை.

இருக்கை காலி. அவர் அவளோடு நடக்கிறார்.

அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண்ணுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. நாளை மறுநாள் ஊருக்குப் போய்விடுவாள்... அவரையும் கூட்டிக்கொண்டு. கடலோரப் பாதை கோயில் வழியாகத்தான் போகும்; அங்கேயே பிடித்தாக வேண்டும்.

"வேகமாப் போடா!"

"என்னக்கா, மாமா அவசரப்படுறாரா?"

9:35. கற்குவியல். மூடுபனி. பத்தடி தூரம் தெரியவில்லை.

டக்.

சர்ர்ர்...

பனிக்குள்ளிருந்து யோலிதா வெளியே வந்தாள். ஒரே இரவில் முகம் வற்றியிருந்தது.

"அந்தப் பெரியவர் ரொம்ப மெதுவா நடக்குறார் அம்மா. ஒவ்வொரு ஏத்தத்துலயும் நின்னு நின்னு வந்தேன்."

அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. சரளைக்கல் மட்டும் நகர்ந்தது.

"டெல்மீரோ! டெல்மீரோ! டெல்மீரோ! இங்கேயே இருங்க. அந்தப் பிள்ளையை விட்டுடுங்க!"

நின்றது.

என் தோளில் ஒரு கனம்... பிறகு அதுவும் இல்லை.

"போம்மா. திரும்பிப் பாக்காதே" என்றேன். போனாள். அகலமான பாதைதான். ஆனாலும் ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நடந்தாள். இரவு முழுக்கக் கூட ஒருவர் இருந்த பழக்கம், போய்விடும் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, காலை 7:05. போனில் அவளிடமிருந்து செய்தி.

"அம்மா, பெரியவர் அன்றைக்கு உங்கள் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் பார்த்தேன். ஆனால் அவர் பின்னாலேயே வந்த பெண் நிற்கவில்லை; அவளை நான் பாதையில்தான் கவனித்தேன். இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள். அவள் தலைமுடி காயவே மாட்டேன் என்கிறது. நேற்றிலிருந்து என் தங்கைக்கும் தெரிகிறாள். அவளையும் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். சீக்கிரம்."

எந்தப் பெண்?

செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு கல்லறைக்கு ஓடினேன். ஷென்ஷோ சருகு கூட்டிக்கொண்டிருந்தான். டெல்மீரோவின் மாடத்துக்குக் கீழே ஒரு வெறும் கல். ஒன்பது வருஷமாக அங்கே போய்வருகிறேன். அதில் எழுத்தே இல்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இதுல யாருடா?"

"அதுவா? கடல் ஒதுக்கின பொம்பளை, அக்கா. எண்பத்துமூணுல, எங்கப்பா காவல் இருந்தப்ப. யாரும் தேடி வரல. ஏன்?"

மேல் கல்லில் தட்டினால் கீழ்க் கல்லுக்குக் கேட்காதா? நாற்பது வருஷமாக யாருமே அழைக்காதவளுக்கு, "வாங்க, போகலாம்" என்பது யாருக்கு என்று எப்படித் தெரியும்?

"அவ பேரு என்னடா? பேரைச் சொல்லு!"

அவன் துடைப்பத்தை நிறுத்தினான்.

"பேரா? அது யாருக்குமே தெரியாதேக்கா."