நீலச் செல்லுக்குள் சிவப்பு உட்கரு

எங்கள் பள்ளியில் மைக்ராஸ்கோப் பீரோவை விட்டு வெளியே வருவது இரண்டே விசேஷங்களுக்கு. ஒன்று ஆயுத பூஜை, இன்னொன்று பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. பூஜையன்று உயிரியல் மிஸ் அதற்கு மாலை போட்டு, கண் வைத்துப் பார்க்கிற லென்ஸ் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவார். தேர்வு வருவதற்குள் அது காய்ந்து உதிர்ந்துவிடும். உதிர்ந்தது போக மிச்சம் லென்ஸிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சாமிக்கு வைத்ததைத் துடைக்க யாருக்கும் துணிச்சல் கிடையாது.

கீரனூரில் எங்கள் வீட்டில் அப்பா முன்பே சொல்லிவிட்டார். அரசுக் கல்லூரியில் லேப் டெக்னீஷியன் சீட் கிடைத்தால் படிக்கலாம், இல்லையென்றால் சிங்கப்பூர் மாப்பிள்ளை. அந்த மாப்பிள்ளைமேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. என்னைக் கேட்காமல் அவரைத் தயாராக வைத்திருந்ததுதான் பற்றிக்கொண்டு வந்தது. அதனால் செய்முறையில் எனக்கு முழு மதிப்பெண் வேண்டும், வேறு வழியே இல்லை.

தேர்வில் வந்தது கன்னத்துச் செல். பல் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி, கண்ணாடியில் தடவி, நீலச் சாயம் விட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு முன்னால் பார்த்த பிள்ளைகள் எல்லோரும் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்து உட்கரு என்று எழுதியிருந்தார்கள். எனக்கும் சிவப்புதான் தெரிந்தது. நீலத்தில் ஊறிய செல்லுக்குள் சிவப்பு எங்கிருந்து வரும்? லென்ஸைத் திருகினேன், புள்ளியும் கூடவே சுற்றியது. துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டேன்.

மிஸ் பார்த்துவிட்டார். "மஞ்ச குங்குமத்த அழிக்கிறியேடி, வெளங்குவியா நீ?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் குனிந்து பார்த்தேன். அப்பளத்தை ஒடித்தது போலக் கோணல்மாணலாக ஒரு விளிம்பு. அதுதான் செல் சவ்வு. உள்ளே எதை விடுவது, எதை வெளியே அனுப்புவது என்று பார்த்துக்கொள்வது அதன் வேலை. நடுவில் கருநீலமாக உட்கரு, நான் நானாக இருப்பதற்கான குறிப்பெல்லாம் அதற்குள். சுற்றிலும் பொடிப்பொடியாகச் சைட்டோபிளாசம். பதினேழு வயதுவரை படமாக மட்டும் படித்தது, என் கன்னத்திலிருந்தே வந்து கிடந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். பார்த்த மூன்றை மட்டும் வரைந்தேன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தாளைப் பார்த்துவிட்டு, "மைட்டோகாண்ட்ரியா எங்கம்மா?" என்றார்.

"இதுல தெரியலைங்க சார்."

"படிச்சியா இல்லையா?"

படித்திருந்தேன். மைட்டோகாண்ட்ரியா சாப்பாட்டிலிருந்து சக்தி எடுக்கும், ரைபோசோம் புரதம் செய்யும், கோல்கை உறுப்பு அதைக் கட்டி அனுப்பும், லைசோசோம் கழிவைச் செரிக்கும் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அவர் முகம் இளகியது.

"எல்லாந் தெரியுதுல்ல, அப்புறம் என்ன? மிச்சத்தையும் வரைஞ்சு குடுத்துரு. முழு மார்க் போடுறேன்."

பென்சிலை அவரே நீட்டினார். மிஸ் பின்னாலிருந்து, "வரைடி, வம்பு பண்ணாத" என்றார். இந்தத் தடவை அந்தக் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அப்பா சொன்னது அவருக்கும் தெரியும்.

"பாத்ததை வரையுங்கன்னுதான் சார் கேள்வி. நான் பாத்தது இவ்வளவுதாங்க."

பென்சிலை வாங்கவில்லை. அவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். அந்த வருஷம் சீட் கிடைக்கவில்லை. அப்பா பெண் பார்க்கிற தேதியைச் சொன்னபோது, அன்றைக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று மறு வருஷமும் விண்ணப்பித்தேன்; அந்தத் தடவை கட்-ஆஃப் கொஞ்சம் இறங்கியது, சீட் வாங்கினேன்.

இன்று திருச்சியில் ஒரு மருத்துவமனையில் ரத்தம் பார்க்கிறேன். போன வாரம், ஒரு குழந்தையின் ஸ்லைடை நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை, அதற்குள் டாக்டர் போனில், "நார்மலாத்தான் இருக்கும், நார்மல்னு போட்டு அனுப்பிருங்க" என்றார். காத்திருக்கச் சொன்னேன். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். நான் நிதானமாகப் பார்த்தேன். அந்தக் குழந்தையின் ரத்தம் நார்மலாக இல்லை.