உயிரோடிருப்பவர்கள் நாணயத்தில் வரக்கூடாது

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் அது செல்லுபடியானது. மற்ற இடங்களில் எல்லாம் அவர் போஸ்டர். டீக்கடையில் போஸ்டர் அண்ணன். தெருவில் அவருடைய மகள் 'போஸ்டர் பொண்ணு'.

காரணம் ஒரு புகைப்படம். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பத்திரிகைக்காரர் கல்குவாரிக்கு வந்து, துளைபோடும் மெஷினைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரித்த ஒரு தொழிலாளியைப் படம் எடுத்தார். தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை வெளேரென்று கல்தூசி. மாவு மூட்டைக்குள் விழுந்து எழுந்த மாதிரி. கண்ணும் சிரிப்பும் மட்டும்தான் ஆள். பத்திரிகையில் 'ஒரு தொழிலாளி' என்று போட்டார்கள். அது தான்தான் என்று இவர் சொன்னார், அருகில் நின்ற அண்ணன் ஆமாம் என்றார், ஊர் ஒத்துக்கொண்டது. அண்ணனும் படத்தில் இல்லாமல் இல்லை. ஓரத்தில் ஒரு முழங்கை அளவுக்கு இருந்தார்.

படம் மாகாண அரசுக்குப் பிடித்துப்போனது. பஸ் நிலையத்தில், காலண்டரில், வரிகட்டச் சொல்லும் அறிவிப்பில்கூட 'உழைப்பின் முகம்' என்று போட்டு ஒட்டினார்கள். முகத்துக்குக் கீழே நுரையீரலும் உண்டு என்பது போஸ்டரில் வராத விஷயம்.

அடுத்த வருஷம் குவாரியில் ஒரு பாறை சரிந்து அண்ணனைக் கொண்டுபோனது. தம்பியைக் கொண்டுபோகும் வேலையைத் தூசி ஏற்றுக்கொண்டு நிதானமாகச் செய்தது. நாலு படி ஏறினால் ஒரு தரம் உட்கார வேண்டும் என்ற நிலை வந்ததும், கம்பெனிக்குப் போய்ச் சிகிச்சை கேட்டார். காண்ட்ராக்ட் ஆட்களின் பெயர் தங்களிடம் இருக்காது என்றார்கள். கம்பெனி டாக்டர், சிகரெட்டைத் தொட்டே பார்க்காத மனிதரிடம், சிகரெட்டை விடச் சொன்னார். "பஸ் ஸ்டாண்டுல பாருங்க சார், உங்க குவாரியில நான்தான் நிக்கறேன்" என்று இவர் மானேஜரிடம் சொன்னார். மானேஜர் நல்ல மனுஷர். "அழகா இருக்கீங்க" என்றார்.

மாகாணத்துக்கு நூறு வயது ஆகப்போவதாகவும், அதற்கு ஒரு நினைவு நாணயம் வரப்போவதாகவும், அதில் போஸ்டரின் படம் இருக்கலாம் என்றும் டீக்கடை டி.வி.யில் சொன்னார்கள். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தார். ஷேவ் செய்யாத நாளில் அவர் கண்ணாடி பார்ப்பதில்லை.

சில நாள் கழித்து நாணயத்துறை அதிகாரி ஒருவரே வீட்டைத் தேடி வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். சமையலறையும் கூடமும் ஒன்றான அந்த வீட்டில், அவர் முழங்கால் அடுப்பை இடிக்காமல் இருக்கக் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தார்.

"போட்டியில கடைசியா மூணு நின்னுச்சு. பாலம், நாரை, இந்தப் படம். பாலத்துல பாதி அடுத்த மாகாணத்துது. அவங்க சண்டைக்கு வந்துட்டாங்க. நாரையைக் காசு அளவுக்குச் சுருக்கினா மடக்கின குடை மாதிரி இருக்கு."

மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் சிரித்துவிட்டாள்.

"குழு மொத்தமும் இந்தப் படம்தான் வேணும்னு நிக்குது. ஒரே ஒரு சிக்கல். உயிரோட இருக்கறவங்க முகம் காசுல வரக்கூடாது. அது விதி."

"ஏன் சார் அப்படி?" என்றார் போஸ்டர்.

"நாளைக்கே அவரு ஏதாவது பண்ணி ஜெயிலுக்குப் போயிட்டா? வெளியே விட்ட காசைத் திரும்பப் பொறுக்க முடியுமா? செத்தவங்க புதுசா எதுவும் பண்ண மாட்டாங்க. அது ஒரு வசதி."

"சாகக் கிடக்கறவங்க?"

"அதுக்குத் தனியா விதி இல்லைங்க" என்று அதிகாரி கூச்சத்தோடு சொன்னார். "அடுத்த மாசம் அச்சு வெட்டணும்."

பேனா மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, போஸ்டரின் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக் கேட்டார்: "இது நீங்கதான்னு ஊர்ல சொல்றாங்க. நீங்களா?"

"பின்னே வேற யாரு சார், இவருதா..." என்று டீயோடு வந்த மனைவி ஆரம்பித்தாள்.

போஸ்டர் கையை உயர்த்தினார். அவர் கை உயர்ந்தால் இருமல் வருகிறது என்று அர்த்தம், அவள் நின்றாள். இருமல் வரவில்லை.

"எங்க அண்ணன் சார். தவறிட்டாரு. சும்மா விளையாட்டுக்கு நான்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன், அப்படியே ஒட்டிக்கிச்சு."

அதிகாரி எழுதினார். எழுதிவிட்டுப் படத்தின் ஓரத்தைக் காட்டினார். "அப்ப இந்த முழங்கை?"

"அது நான்."

"மன்னிச்சுக்கங்க, இதை எடுத்துட்டோம். வட்டத்துக்குள்ள இடம் பத்தல."

"பரவாயில்ல சார். முழங்கைதானே."

அதிகாரி தெருமுனை திரும்பும்வரை மனைவி பொறுத்தாள். "உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? குவாரியில நீங்க வேலை பார்த்ததுக்கு இந்த உலகத்துல இருந்த ஒரே சாட்சி அது. அதையும் வாரிக் குடுத்துட்டு உக்காந்திருக்கீங்க!"

"நான்னு சொல்லியிருந்தா நாரை வந்திருக்கும்டி."

"வரட்டுமே! குடை மாதிரி வந்துட்டுப் போகட்டுமே!"

"பேரு யாருதா இருந்தா என்ன? மூஞ்சி என்னுதுதானே. நான் போனப்புறம் இவ பையில கிடப்பேன்." மகளைக் காட்டினார். மகள் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஊருக்குச் செய்தி எட்டியதும், அவர் எதிர்பாராத ஒன்று நடந்தது. எல்லோரும் நம்பினார்கள். இத்தனை வருஷம் அவர் சொன்ன உண்மையைச் சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டவர்கள், முதல் முறையாகச் சொன்ன பொய்யை முகம் கடுத்து ஏற்றுக்கொண்டார்கள். "செத்த அண்ணன் மூஞ்சியை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் டீ குடிச்சே?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். அந்த வாரமே அவருக்குப் புதுப்பெயர் கிடைத்தது: முழங்கை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கச் சிரமப்பட்டார், பிறகு பழகிவிட்டது.

அண்ணியிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட நினைத்திருந்தார். அண்ணி ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை பார்த்தாள். வீடு மூன்றாவது மாடி. முதல் மாடியில் உட்கார்ந்து, இரண்டாவதில் உட்கார்ந்து, நாளைக்கு வரலாம் என்று இறங்கிவிட்டார். அந்த நாளைக்கு அதிகாரி முந்திக்கொண்டார். அண்ணி சம்மதம் சொல்லிவிட்டாள். கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாதா, தெரிந்தும் ஏன் சொன்னாள் என்று போஸ்டருக்குப் புரியவில்லை. கேட்கவும் மூச்சுப் போதவில்லை.

வெளியீட்டு விழாவில் அண்ணி மேடையில் இருந்தாள். இவர்கள் கடைசி வரிசையில், கதவோரம், காற்று வரும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். அமைச்சர் ஒருவர் அண்ணனின் தியாகத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். அண்ணன் உயிரோடிருந்தபோது யாரும் அவரைப் பற்றி இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போலச் சொன்னதில்லை. தம்பிக்கு இதில் சந்தோஷமா துக்கமா என்று மனைவி ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் இன்ஹேலரைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம், மனைவியும் மகளும் இருபுறமும் பிடித்துக்கொள்ள, அவர் மூன்றாவது மாடி ஏறினார். அண்ணியின் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நாணயம் இருந்தது. அண்ணி விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்திருந்தாள்.

"வாங்க தம்பி. உங்களைத்தான் கூப்பிட்டு விடணும்னு இருந்தேன். ஒண்ணு கேக்கணும்."

மனைவி அவர் கையை அழுத்தினாள். இப்போதாவது சொல்லுங்கள் என்று அதற்கு அர்த்தம்.

"அவரு சிரிச்சா இப்படித்தான் இருக்குமா?" என்றாள் அண்ணி. "கல்யாண ஆல்பம் ஒழுகல்ல நனைஞ்சு, பிரிச்சப்போ மூஞ்சியெல்லாம் எதிர்ப் பக்கத்துல ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. அடையாளக் கார்டு படம் அன்னைக்கு அவரோட சட்டைப் பையில இருந்துச்சு, அதுவும் போச்சு. கொஞ்ச வருஷமா மூஞ்சி வரவே மாட்டேங்குது தம்பி. குரல் வருது, நடை வருது, மூஞ்சி வரல. அந்த ஆபீசர் வந்து, இது உங்க வீட்டுக்காரர்தானேன்னு கேட்டப்போ, தெரியலன்னு எப்படிச் சொல்றது? இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு?"

போஸ்டர் பெட்டியை வாங்கிப் பார்த்தார். தன் முகம் கட்டைவிரல் நக அளவுக்கு இருந்தது. தூசியைச் செதுக்கியவர் நன்றாகவே செதுக்கியிருந்தார்.

"முன்பல்லு ஒண்ணு உடைஞ்சிருக்கும்னு மட்டும் ஞாபகம் இருக்கு" என்றாள் அண்ணி. "இதுல அப்படித் தெரியலையே."

அண்ணனுக்கு முன்பல் உடைந்துதான் இருந்தது.

"சின்னக் காசு அண்ணி" என்றார். "பல்லெல்லாம் ஒரே கோடாத்தான் வெட்ட முடியும். மத்தபடி அவரேதான். அப்படியே இருக்காரு."

அண்ணி பெட்டியை வாங்கி, விளக்குக்கு நேராகத் திருப்பிவைத்து, ரொம்ப நேரம் பார்த்தாள். மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இறங்கும்போது இரண்டாவது மாடியில் உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் உட்காரவில்லை. "அங்கயாவது வாயைத் திறந்திருக்கலாம்" என்றாள். "இனிமே எப்பவும் முடியாது, தெரியுதா?"

"தெரியுது."

"அப்புறம் ஏன்?"

அவர் நெஞ்சில் கைவைத்து மூச்சு வாங்கினார். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்து எழுந்து, அடுத்த படியைக் காலால் தேடினார்.