கட்டிலுக்கு அடியில் அடுப்பு

1. வில்லாபுரத்தில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் மூன்று வீடுகள். மின் இணைப்பு ஒன்றுதான்.

2. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்பது இணைப்புக்கு, குடும்பத்துக்கு அல்ல. அது கீழே இருக்கும் வீட்டுக்காரருக்குப் போனது. மாடியில் எனக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சப் மீட்டர். முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய்.

3. நாங்கள் இருவரும் தனி இணைப்பு கேட்டு விண்ணப்பித்தோம். வீட்டுக்காரர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

4. ஆய்வுக்கு அலுவலர் வந்தார். எனக்குக் கிடைத்தது, அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

நான்காவதை மட்டும் விளக்க வேண்டும்.

அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. அவர் வீட்டில் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் ஓடியதே இல்லை. தனி மீட்டர் வந்தால் கட்டணமே இருக்காது. அதுவரை தூங்கும்போது மட்டும்தான் ஃபேன். பிளஸ் டூ படிக்கும் மகள் காற்றுக்காகப் படிக்கட்டில் உட்கார்ந்து படிப்பாள்.

வீட்டுக்காரர் கையெழுத்துப் போடும்போதே சொல்லிவிட்டார்: "இந்த ஒரு தடவைதாம்மா. சும்மா சும்மா வந்து நிக்கக் கூடாது."

கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. பட்டியல் இல்லாமல் எதையும் தொடங்கமாட்டேன். ஆய்வு நாளுக்கும் ஒன்று எழுதி அக்காவிடம் கொடுத்தேன். அதில் மூன்றாவது வரி: வீட்டை நன்றாக ஒதுங்க வைக்கவும்.

அலுவலர் முதலில் என் வீட்டுக்கு வந்தார். கழுவாத குக்கரைப் பார்த்தார், சமையலறை என்று குறித்துக்கொண்டார். அடுத்து அக்கா வீடு. ஃபினாயில் வாசனை, சலவை செய்த விரிப்பு, என் வீட்டு நாற்காலிகள், என் வீட்டிலிருந்து காப்பி.

"சமையல் எங்கம்மா?"

"நீங்க வாரீகன்னு இன்னைக்கு அடுப்பே பத்த வைக்கல சார்," என்றார் அக்கா, பெருமையாக.

"சரி, அடுப்பு எங்க?"

கட்டிலுக்கு அடியிலிருந்து அக்கா அதை இழுத்தார். இடத்தை அடைக்கிறது என்று சிலிண்டரை அன்று காலையில்தான் என் வீட்டுக்கு நகர்த்தியிருந்தார்.

"காப்பி அங்கருந்து வருது, சிலிண்டரும் அங்க இருக்கு. ரெண்டும் ஒரே சமையல்னுதாம்மா நான் எழுத முடியும்."

அவர் சொன்னதில் தவறில்லை. தனிச் சமையலறை வேண்டும் என்பது விதி. எனக்கு அது தெரியும். அக்கா வீட்டில் சமையலறை இருக்கத்தானே செய்கிறது என்று பட்டியலில் சேர்க்கவில்லை.

அன்று மாலை அக்கா சொன்னார்: "ஒதுங்க வைன்னுதான எழுதிக் குடுத்த. அடுப்ப நடுவீட்டுல வச்சு ஆரத்தி எடுன்னு எழுதியிருந்தா அதையும் செஞ்சிருப்பேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். "போ, காப்பியாச்சும் நல்லா இருந்துச்சு," என்றார்.

இரண்டாவது முறை விண்ணப்பிக்க மீண்டும் கையெழுத்து வேண்டும். வீட்டுக்காரரிடம் நான்தான் போய்க் கேட்டேன். ஆடி முடியட்டும், பார்ப்போம் என்றார்.

இப்போது அக்காவின் அடுப்பு மேடையில் இருக்கிறது. மகள் மாலையில் என் வீட்டு ஃபேனுக்குக் கீழே படிக்கிறாள். விண்ணப்பம் கையெழுத்தில்லாமல் என் கோப்பில் இருக்கிறது. ஆடி முடியப் பதினொரு நாள்.