செம்புக் கம்பியில் தொங்கிய குரோமோசோம்கள்

பீங்கான் சூளைக்கு முன்னால் நானும் என்னோடு கல்லூரியில் படித்த இருவரும் நின்றிருந்தோம். அங்கே கூலிக்குச் சூளை அடுக்கும் என் அப்பா மட்டும் இல்லை. வேப்பூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

ஈஸ்ட் செல் பிரியும்போது உட்கருச் சவ்வு கரைவதில்லை, அதற்குள்ளேயே ஒவ்வொரு குரோமோசோமையும் முனைக்கு ஒன்றாக ஒற்றை இழைதான் பிடித்து இழுக்கிறது என்று கல்லூரிக் கண்காட்சிக்காகப் படித்து எழுதியவன் நான். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன். அந்த இருவரும் அதில் என் பெயரை எடுத்துவிட்டுத் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள்.

"நீ மண்ணு பிசையற வூட்டுப் பையன், பொம்மைய மட்டும் சுட்டுக் குடுடா" என்றான் ஒருவன்.

உட்கருவாகச் செய்த களிமண் கிண்ணத்துக்குள் இழைகளாகச் செம்புக் கம்பிகளைக் கட்டி, களிமண் குரோமோசோம்களைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"கம்பி தாங்குமாடா?" என்றான் மற்றவன்.

"பேரு போட்டவங்களுக்குத் தெரியாததா?" என்றேன். அந்தப் பீங்கான் சூளைச் சூட்டில் செம்பு உருகிவிடும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பொம்மையை அப்படியே உள்ளே வைத்தேன்.

மூன்றாம் நாள் சூளையைத் திறந்தபோது குரோமோசோம்கள் கிண்ணத்தின் அடியில் உடைந்து கிடந்தன. கம்பி கோத்த ஓட்டைகள் வழியே ஒழுகிய செம்பு சூளைத் தட்டில் ஒட்டியிருந்தது. எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை. கண்காட்சியில் அவர்கள் மேசை காலி. சூளைக் கூலிக்கும் கெட்டுப்போன தட்டுக்குமாகச் சூளை முதலாளி அவர்களிடம் வாங்கியது எழுநூற்றைம்பது ரூபாய்.