மஞ்சள் வைத்த கம்ப்யூட்டர்

“கல்யாணப் பத்திரிகையைச் சுத்தி கறுப்பு இருந்தா வூட்டுக்கு நல்லதாம்மா?”

சிவகாமு அம்மா என்னிடம் இப்படிக் கேட்டார். பிளஸ் டூ முடிக்கும் வரை யாரும் இதைக் கேட்டதில்லை.

எல்லாம் என் சித்தி இசைவாணி செய்த வேலை. புவனகிரியில் அவர் டி.டி.பி. கடை வைத்திருக்கிறார். முகூர்த்த மாதம் வந்தால் இருட்டிய பிறகும் பத்திரிகை டைப் அடிப்பார். வெள்ளைத் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் எரியும், நீர் வடியும். வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னார் கடலூர் கண் டாக்டர். சித்தி கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“இன்னா வாணி, உள்ள அவ்ளோ வெயிலா?” என்பார் டீக்கடை சிலம்பரசன் மாமா.

கேலியைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கண்ணாடியோடு ஒரு பத்திரிகைக்குக் குங்குமச் சிவப்பு என்று நினைத்துக் கத்தரிப்பூ நிறம் கொடுத்துவிட்டார். “கண்ணும் போவுது, பேரும் போவுது. கடையை மூடிடலாம்டி” என்றார்.

மூடவில்லை. ஒரு மாலை செட்டிங்கைத் துழாவி டார்க் தீமைக் கண்டுபிடித்தார். திரை முழுக்கக் கறுத்தது. நடுவில் பத்திரிகை மட்டும் மஞ்சளாக நின்றது.

“கண்ணுல வெளக்கெண்ண வுட்டாப்புல இருக்குடி!”

அந்த நேரம் பார்த்து, மகள் கல்யாணப் பத்திரிகையைச் சரிபார்க்கச் சிதம்பரத்திலிருந்து வந்தார் சிவகாமு அம்மா. அதுவும் விளக்கு வைக்கும் நேரம்.

“அடிப்பாவி! கருமாதி பத்திரிகை மாதிரி சுத்தியும் கறுப்புக் கட்டம் போட்டிருக்க?”

“அது ஸ்கிரீன்ல மட்டுந்தாம்மா. அச்சுல வராது.”

“என் கண்ணுல வந்துடுச்சே! வெள்ளையா மாத்து. இல்லன்னா வேற கடை பாக்கறேன்.”

பிறகுதான் கடையில் உதவிக்கு இருந்த என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

சித்தியின் கை மவுசுக்குப் போனது. வெள்ளையாக்கினால் மறுபடி எரிச்சல். ஆக்காவிட்டால் ஆர்டர் போய்விடும். சட்டென்று எழுந்து, பிள்ளையார் படத்தடியில் இருந்த மஞ்சளைக் குழைத்து, மானிட்டரின் நாலு மூலையிலும் வைத்தார்.

“பத்திரிகைக்கு நாலு மூலையிலயும் மஞ்சள் வெக்கறது எதுக்கும்மா?”

“எல்லாம் நல்லபடியா நடக்கத்தான்.”

“இப்ப இதுக்கும் வெச்சாச்சி. பாருங்க.”

சிவகாமு அம்மா கிட்டே வந்து பார்த்தார். முகம் இளகியது. “நடுவுல ஒரு குங்குமம் வெய்யி.”

“நடுவுல வெச்சா மாப்பிள்ளை பேரு மறைஞ்சிடும்மா.”

“அப்ப மேல வெய்யி!”

ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. இப்போது கல்யாண வீட்டார் வந்ததும் முதலில், “மானிட்டருக்கு மஞ்சள் வெச்சாச்சா?” என்றுதான் கேட்கிறார்கள். கண் எரிச்சல் முழுதும் போகவில்லை, ஆனால் நன்றாகவே குறைந்திருக்கிறது. கூலிங் கிளாஸைச் சிலம்பரசன் மாமா வாங்கிக்கொண்டார். பாய்லர் ஆவிக்கு நல்லதாம்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது ராத்திரியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் வேலை செய்தால், சித்தி கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். மஞ்சளில் தண்ணீர் அதிகம் ஊற்ற வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், மானிட்டருக்கு ஆகாது.