ஆறாவது பந்தும் ஏழுமலை சாரும்

கோலியனூரிலிருந்து விழுப்புரம் வரும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கை கம்பியில், ஒரு கையில் போன். எங்கள் இரண்டு ஊர் கிரிக்கெட் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலேயே சண்டை ஆரம்பித்திருந்தது. வரும் பொங்கலுக்கு விழுப்புரம்–திண்டிவனம் ஆட்டத்தைப் பழையபடி நாற்பது ஓவர் வைப்பதா, போன தடவை போல அறுபது பந்து வைப்பதா என்ற அதே சண்டை. யாரோ ஒரு கேலிப்படம் போட்டார். அதற்கு இன்னொருவர் சிரிப்பு முகம் போடுவதற்குள் நடுவில் ஒரு வரி வந்து விழுந்தது. "நம்ம அம்பயர் ஏழுமலை சார் காலைல டெப்போவுலயே தவறிட்டாருங்க. நெஞ்சு வலி." சிரிப்பு முகம் அந்த வரிக்குக் கீழே போய் நின்றது. போட்டவர் பதறி அழித்துவிட்டார். நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டேன்.

ஏழுமலை சார் திண்டிவனம் பஸ் டெப்போவில் டைம் கீப்பர். நான் விழுப்புரத்தில் கணக்கு டீச்சர். பதினெட்டு வருடமாக அந்த ஆட்டத்துக்கு அவர் அம்பயர், நான் ஸ்கோரர். இதைப் படிப்பவர்களில் அவரை அறிந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. போன ஆட்டத்தில் அவர்மேல் விழுந்த பழியில் பாதி என்னுடையது. பாதி என்று சொல்வதுகூட எனக்குச் சாதகமாக நானே போடும் கணக்குதான். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத எனக்குக் கை வரவில்லை.

முதலில் அவர் எப்படிப்பட்ட அம்பயர் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்க ஆட்டங்களில் பேட்டிங் பிடிக்கிற அணிதான் அம்பயர் தர வேண்டும். அடுத்து இறங்கப்போகிறவன் எவனாவது தொப்பியை மாட்டிக்கொண்டு போய் நிற்பான். பந்து காலில் பட்டதற்குத் தன் ஆளுக்கு எவன் எல்.பி. அவுட் கொடுப்பான்? அப்படி ஒரு அவுட் இருப்பதையே எங்கள் ஆட்டக்காரர்கள் டி.வி.யில்தான் பார்த்திருந்தார்கள். நான் ஸ்கோர் எழுத வந்த முதல் வருடம் திண்டிவனத்துக்காரர்கள் அனுப்பிய அம்பயர் ஏழுமலை சார். ஐந்தாவது ஓவரிலேயே அவர்களுடைய கேப்டனுக்கே விரலைத் தூக்கிவிட்டார். கேப்டன் நகரவில்லை. "யோவ் ஏழுமலை, நீ நம்ம ஊருய்யா!" என்று கத்தினார். "ஊரு நம்ம ஊருதாங்க. காலும் ஸ்டம்புக்கு நேராத்தான் இருந்திச்சி. போய் உக்காருங்க" என்றார் இவர். கேப்டன் பேட்டை வீசிவிட்டுப் போனார். அடுத்த வருடத்திலிருந்து இரண்டு அணிகளும் இரண்டு இன்னிங்ஸுக்கும் அவரையே கூப்பிட்டன.

அம்பயர் சைகை காட்டினால் ஸ்கோரர் கையைத் தூக்கி, பார்த்துவிட்டேன் என்று தெரிவிக்க வேண்டும். பெரிய ஆட்டங்களில் எல்லோரும் செய்வதுதான். எங்கள் ஆட்டங்களில் யாரும் சட்டை செய்வதில்லை. இவர் செய்தார். ஒரு தடவை நான் டீ வாங்கத் திரும்பிய நேரத்தில் பந்து சிக்ஸருக்குப் போய்விட்டது. நான் டம்ளரோடு திரும்பிப் பார்க்கிறேன், இரண்டு கையையும் மேலே தூக்கியபடி மனுஷன் அப்படியே நிற்கிறார். பவுலர் கத்துகிறான், கூட்டம் விசிலடிக்கிறது, ஆட்டமே நிற்கிறது. நான் கை தூக்கிய பிறகுதான் இறக்கினார். சாப்பாட்டு நேரத்தில் வந்து, "நீங்க பாக்காத வரைக்கும் எனக்கு அது சிக்ஸரே இல்ல டீச்சர்" என்றார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அறுபது பந்து யோசனையைக் கொண்டுவந்தவர் அவர்தான். திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கமிட்டி கூடியிருந்தது. ஓவருக்கு ஐந்து பந்து, பன்னிரண்டு ஓவர், அவ்வளவுதான் ஒரு இன்னிங்ஸ் என்றார். "எங்க டிரைவர் கண்டக்டருக்கு ரெண்டு ட்ரிப்புக்கு நடுவுல மூணு மணி நேரம் கெடைக்கிது. மார்க்கெட்ல மூட்டை தூக்குறவனுக்கு அடுத்த லோடு வர்ற வரைக்கும்தான் நேரம். வருஷா வருஷம் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போய்க்கினே இருக்கானுங்க. சாயந்தரம் வந்து 'யாரு சார் ஜெயிச்சா'ன்னு கேக்குறானுங்க. ஒரு தபாவாவது முழு மேட்ச்சப் பாக்கட்டுமே."

ரசிகர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். கோட்டக்குப்பத்திலிருந்து வளைகுடாவுக்குப் போய் வேலை செய்கிறவர்களுக்கு ஒரே சந்தோஷம். போனில் நேரலையாக முழுசாகப் பார்த்துவிடலாமாம். கல்லூரிப் பெண்கள் முதன்முறையாகக் கூட்டமாக வருவதாகச் சொன்னார்கள். மைதானத்து ஓரத்தில் வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, விற்கும் அம்மா மட்டும், "ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிட்டா இவ்ளோ மல்லாட்டையும் நானே உக்காந்து தின்றதா?" என்று கேட்டார். பழைய தொடக்க ஆட்டக்காரர் ஒருவர், "பேடு கட்டி முடிக்கிறதுக்குள்ள மேட்ச் முடிஞ்சிடும் போலக்கீது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் பிடிக்கவில்லை. காலை இளவெயிலில் தொடங்கி, மதியம் பிரியாணி சாப்பிட்டு, சாயங்காலம் நிழல் நீளும்போது முடிகிற ஆட்டம் எனக்கு வருடத்தில் ஒரே ஒரு நாள் கிடைக்கும் விடுதலை. அதைக் கால்வாசியாக நறுக்குகிறாரே என்ற கோபம். "அதுக்கு டாஸ் மட்டும் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாமே சார்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அதை எழுதறதுக்கும் ஒரு ஸ்கோரர் வேணும் டீச்சர்" என்றார். கூட்டமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

ஆட்டம் திண்டிவனம் ஏரிக்கரை மைதானத்தில். அச்சடித்த ஸ்கோர் நோட்டில் ஓவருக்கு ஆறு கட்டம் இருக்கும். முந்தின நாள் உட்கார்ந்து ஒவ்வொரு ஓவரிலும் ஆறாவது கட்டத்தைச் சிவப்பு மையால் அடித்து வைத்திருந்தேன். அடிக்க அடிக்க அவர்மேல் கோபம் ஏறியது. அவர் பந்துகளை எண்ணுவது விரல் கணுவில். கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மூன்று கணுக்களைத் தொடும், பிறகு நடுவிரலின் மூன்றையும். இரண்டு விரல் முடிந்தால் ஓவர் முடிந்தது. அன்று காலை என் மேசைக்கு வந்து, நடுவிரலில் கடைசிக் கணுவைக் காட்டி, "இன்னிக்கு இவனுக்கு லீவு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விழுப்புரம் ஆடி முடித்து, திண்டிவனம் விரட்டிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது ஓவரில் ஒரு ரன் அவுட் தகராறு. இரண்டு அணியும் அவரைச் சூழ்ந்துகொண்டு கத்தின. அவர் அசையவில்லை, நாட் அவுட் என்றார். ஆட்டம் மறுபடி தொடங்கியது. ஐந்தாவது பந்தில் ரன் இல்லை. நான் ஐந்தாவது கட்டத்தில் புள்ளி வைத்தேன். ஓவர் முடிந்தது. ஆனால் அவர் 'ஓவர்' என்று சொல்லவில்லை. மண்டகப்பட்டுப் பையன், எங்கள் பவுலர், பழக்க தோஷத்தில் அடுத்த பந்துக்குத் திரும்பி நடந்தான். பேட்ஸ்மேன் தரையைத் தட்டிக்கொண்டு நின்றான். மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் வாழ்நாள் முழுக்க ஆறு பந்தில் ஊறியவர்கள். ஐந்து முடிந்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

கையைத் தூக்கியிருந்தால் போதும். அவர் பார்த்திருப்பார். நான் தூக்கவில்லை. மறந்தேனா என்றால் இல்லை. திகைத்தேனா என்றால் அதுவும் இல்லை. 'பார், உன் புது ஆட்டத்தில் உனக்கே எண்ணத் தெரியவில்லை' என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரல் எனக்கு இனித்தது. டீ குடிக்கும்போது எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லிக் காட்டலாம் என்று நினைத்தேன். அவ்வளவு அற்பமான ஆசை. பவுலர் ஓடிவந்து போட்டான். பந்து ஏரிக்கரையைத் தாண்டிப் போனது. ஏழுமலை சார் இரண்டு கையையும் தூக்கி என்னைப் பார்த்தார். அப்போது மட்டும் ஒழுங்காகக் கை தூக்கினேன். சிவப்பு மையால் அடித்த கட்டத்துக்குள் ஆறு என்று எழுதினேன்.

திண்டிவனம் கடைசிப் பந்தில் ஜெயித்தது. அந்த ஆறு ரன் இல்லாவிட்டால் எங்கள் ஊர் ஜெயித்திருக்கும். ஒரு மணி நேரம் கழித்து, வளைகுடாவிலிருந்து நேரலை பார்த்த கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர், "ஒன்பதாவது ஓவர்ல ஆறு பந்துங்க, நல்லா எண்ணிப் பாருங்க" என்று குழுவில் வீடியோவைப் போட்டார். அவ்வளவுதான். அம்பயர் தன் ஊருக்கு ஒரு பந்து தானம் கொடுத்துவிட்டார் என்றார்கள். ஐந்து வரை எண்ணத் தெரியாதவர் என்று படம் போட்டார்கள். புது ஆட்டம் பிடிக்காதவர்களுக்கு அவர் கிடைத்தார். பிடித்தவர்களோ, ஆட்டத்தின் பெயரைக் கெடுத்துவிட்டார் என்று அவரையே திட்டினார்கள். சொந்தக் கேப்டனுக்கே விரல் தூக்கியவரை ஊர்ப்பாசம் பிடித்த மோசடிக்காரன் என்றார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பரீட்சைத் தாள் திருத்தினேன்.

அடுத்த வாரம் விழுப்புரத்தில் விசாரணை. அம்பயர் எண்ணியதே கணக்கு என்பது விதி, அதனால் முடிவு மாறாது என்றார்கள். பிறகு கமிட்டித் தலைவர் அவரிடம் கேட்டார், "சரிங்க. ஸ்கோரர் உங்கள உஷார் பண்ணாங்களா, இல்லியா?" ஏழுமலை சார் என்னை ஒரு தடவை பார்த்தார். "டீச்சர் கையத் தூக்குனாங்க. நான்தான் பாக்கல" என்றார். அதை அப்படியே கமிட்டி நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் பக்கத்து நாற்காலியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது தடவையாக.

பஸ் ஸ்டாண்டில் அவரைப் பிடித்தேன். "ஏன் சார் அப்பிடிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். அவர் கண், தொழில் பழக்கத்தில், வெளியே போகும் பஸ்களின் மேலேயே இருந்தது. "என் பேருதான் போயிடிச்சி. உங்க பேரும் போச்சின்னா ரெண்டு ஊருக்கும் பொதுவான ஆளுன்னு யாருங்க இருக்கா? மேட்ச்சே நின்னுடும். நீங்க பேஜாராவாதீங்க." ஒரு பஸ் வெளியே போனதும், "ஆனா டீச்சர், அஞ்சு முடிஞ்சத நீங்க பாத்தீங்கதான?" என்றார். "பாத்தேன் சார்." தலையை ஆட்டினார். ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என நின்றேன். கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர், "அப்ப உங்க நோட்டு சரியாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுத் திண்டிவனம் பஸ்ஸில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு எந்த மைதானத்துக்கும் அவரை யாரும் கூப்பிடவில்லை. போன் பண்ண வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைத்தேன். இப்போது சொல்லி என்ன பயன், நினைத்ததாக.

சாவு வீட்டில் அவர் மனைவி விஜயா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சரம்மா, இந்த மனுஷன் பொங்கல்ல இருந்தே வாசல்ல உக்காந்து போற வர்ற வண்டிய எண்ணிக்கினே இருப்பாரு. அஞ்சஞ்சா எண்ணுவாரு. நடுவிரல்ல கடைசிக் கணுவுல ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கினு இருந்தாரு. வெட்டிக்கினாரோன்னு கேட்டேன். 'இல்லடி, கட்டைவிரலு அங்க போனா தட்டுப்படணும்ல, அப்பத்தான் நிக்கும். அடுத்த மேட்ச்சுல தப்பு வராது'ன்னாரு. கூப்புடுவாங்கன்னு நெனச்சிக்கினே இருந்தாருங்க." நான் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது தடவை.

வரும் ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடி, நாற்பது ஓவரா அறுபது பந்தா என்று முடிவு செய்யப்போகிறது. எனக்கு இன்னமும் அறுபது பந்து பிடிக்கவில்லை. செத்தவருக்காகப் பிடித்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் தோற்கடிக்க அந்த ஆறாவது பந்தை யாரும் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். அது ஆட்டத்தின் குறையால் போட்ட பந்து இல்லை. தெரிந்தே நான் போடவிட்ட பந்து. கமிட்டி நோட்டில், ஸ்கோரர் எச்சரித்தார், அம்பயர் கவனிக்கவில்லை என்று இருக்கும் வரியை அடித்துவிட்டு, ஸ்கோரர் பார்த்தார், எச்சரிக்கவில்லை என்று எழுதச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டேன். அவருடைய வீட்டுக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது.

பதினெட்டு வருடத்தில் ஏழுமலை சார் சொல்லி நான் எழுதிக்கொண்டவை ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றில் எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒன்றுதான். நான் அறிந்து அவர் சொன்ன ஒரே ஒரு பொய். அதை எனக்காகச் சொன்னார். நான் அதற்குள் ஒளிந்துகொண்டிருந்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து ஐந்து எண்ணப் பழகிக்கொண்டிருந்தார்.