தம்பி வீட்டுத் துவக்கு

அமெரிக்காவில் இருக்கிற என் தம்பி துவக்கு வைத்திருக்கிறான் என்று எனக்கு முதலில் சொன்னது அவன் மனைவி. புதிதாக ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கின மாதிரித்தான் சொன்னாள். "முழுசா வாங்கேல்லை அக்கா, அவரே பூட்டினது" என்று பெருமை வேறு. சாமான்கள் பெட்டி பெட்டியாகத் தபாலில் வருமாம். நடுத்துண்டு ஒன்றுக்கு மட்டும் கடைக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டுமாம். மிச்சத்தைக் கராஜில் இருந்து வீடியோ பார்த்துப் பொருத்திப் பூட்டிவிடலாம். விசையை அழுத்த அழுத்த ஒவ்வொரு குண்டாகப் பாயும், அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் என்று அவள் எனக்கு விளக்கம் சொன்னாள். எனக்கு! சத்தத்தை வைத்தே எவ்வளவு தூரத்தில் சுடுகிறார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் நாங்கள்.

நான் பாரிஸில், லா சப்பலில், ரூ பெர்தொனேயில் ஒரு மரக்கறிக் கடையின் கெஸ்ஸில் நின்று காசு வாங்குபவள். 2009இல் போர் முடிந்த பிறகு நான் இந்தப் பக்கம் வந்தேன், தம்பி அந்தப் பக்கம் போனான். முகாமை விட்டு வெளியில் வந்த பிறகு நேரில் சந்தித்ததில்லை. அம்மாவும் அப்பாவும் இல்லை, அவனை வளர்த்தது நான். அவனைத் துவக்குத் தூக்க விடாமல் வைத்திருந்ததும் நான். வன்னியில் அந்தக் கடைசிக் காலத்தில் அதைவிடப் பெரிய வேலை எங்களுக்கு இருக்கவில்லை.

அவனுக்குப் பிள்ளை பிறந்ததும் வரச்சொன்னான். அகதிப் பயணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அமெரிக்க விசா எடுப்பது லேசான காரியமில்லை. அலைந்து திரிந்து எடுத்தேன். எடுத்த பிறகு சொன்னேன்: "அது வீட்டுக்குள்ளை இருக்குமட்டும் நான் வரமாட்டன். அதை வெளியாலை அனுப்பு, நான் வாறன்." அவன் சிரித்து மழுப்பினான். பிள்ளை போனில் என்னைப் பார்த்துக் கையை நீட்டும். ஆனாலும் நான் பிடித்த பிடியை விடவில்லை. பிடிவாதத்தில் எங்கள் வீட்டில் எவரும் குறைந்தவரில்லை.

அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. கடையில் பின்னேரம் போட்டிருந்த செய்தியில் தம்பி இருக்கிற மாநிலத்தின் பெயர் அடிபட்டது. இனி அங்கே அந்த வகைத் துவக்கை விற்கக் கூடாது, செய்யக் கூடாது, பாகம் பாகமாக எடுத்துப் பூட்டவும் கூடாது என்றார்கள். முதலில் வந்தது சந்தோசம். அதற்குப் பின்னாலேயே பயமும் வந்தது.

தடை என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். டோர்ச்சுக்குப் போடும் பற்றரிக்கே தடை இருந்த இடத்திலிருந்து வந்தவர்கள். தடை என்று அறிவித்தால் அடுத்தது சுற்றிவளைப்பு. வீடு வீடாக வருவார்கள், அலுமாரியைக் கவிழ்ப்பார்கள், அகப்பட்டதையும் வீட்டுக்காரனையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆகவே செய்தி கேட்ட கையோடு எதையும் கிணற்றில் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். எங்கள் வீட்டு அல்பம் ஒன்று அப்படித்தான் போனது. யாரோ ஒருவர் போட்டிருந்த பச்சை நிறச் சேட்டும் போனது, நிறம் பிழை, சீருடையின் நிறம் என்பதற்காக.

கடைக்கு வெளியே வந்து தம்பிக்கு அழைத்தேன். அங்கே காலை.

"அவங்கள் வரமுன்னம் அதைக் கொண்டுபோய்க் கிணத்துக்குள்ளை போட்டிடு" என்றேன்.

"ஆர் வரமுன்னம்?"

"பொலிஸ். தடை செய்துபோட்டாங்கள் எண்டு இஞ்சை செய்தி போகுது."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, இஞ்சை ஆற்றை வீட்டிலை கிணறு இருக்கு?"

சிரித்து முடித்தபின் விளக்கினான். சட்டம் இனிமேல் விற்கிறவனுக்கும் செய்கிறவனுக்கும்தானாம். ஏற்கனவே வீட்டில் இருப்பதை ஒருவரும் வந்து கேட்க மாட்டார்களாம். நான் நம்பவில்லை. ஒன்றைத் தடைசெய்துவிட்டு, உன்னிடம் இருந்தால் நீயே வைத்திரு என்று எந்த அரசாங்கம் சொல்லும்?

சனிக்கிழமைகளில் கறிவேப்பிலை வாங்க வருகிற தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். கம்ப்யூட்டர் வேலை, ஆங்கிலம் நன்றாக வாசிப்பார். அவரைப் பார்க்கச் சொன்னேன். கெஸ்ஸுக்கு முன்னால் நின்றபடியே போனில் தேடி வாசித்தார்.

"ஆமாங்க அக்கா, ஏற்கனவே வச்சிருக்கறவங்க வச்சுக்கலாம்னுதான் போட்டிருக்கு. விக்கத்தான் கூடாது. வேணாம்னா போலீஸ்ல ஒப்படைக்கலாம். உங்க தம்பிக்கு ஒரு பிரச்சனையும் வராது, டென்ஷன் ஆகாதீங்க."

அவர் எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தார். நான் கறிவேப்பிலையைப் பையில் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் தம்பியோடு பேசும்போது, இத்தனை நாளும் மழுப்பிக்கொண்டிருந்தவனுக்கு அரசாங்கமே நல்ல சாட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டது என்று விளங்கியது. "இனி உதை விக்கேலாது அக்கா, சட்டம் விடாது" என்றான், என்னவோ பிறந்த நாள் தொடக்கம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தவன் மாதிரி. அதோடு இன்னொன்றும் வாய் தவறி வந்தது. சட்டம் வரப்போகிறது என்றதும் சனம் கடை வாசலில் வரிசையில் நின்றதாம். இவனும் நின்று இன்னொன்று எடுத்துவிட்டானாம். ஒன்றாக இருந்தது இரண்டாகிவிட்டது. இதற்குத்தான் நான் சந்தோசப்பட்டிருக்கிறேன்.

"அப்ப இரண்டையும் பொலிசிலை ஒப்படை" என்றேன்.

அவன் கேட்டான்: "ஒப்படைச்ச ஆக்களிலை எத்தினை பேர் அக்கா திரும்பி வந்தவை?"

எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வாருங்கள், ஒன்றும் செய்யமாட்டோம் என்று கடைசி நாட்களில் இராணுவம் சொன்னதை நானும் கேட்டவள். சரணடைந்தவர்களைப் பஸ்களில் ஏற்றியதைப் பார்த்தவள். வருடாவருடம் மே மாதத்தில் அவர்களுடைய படங்களைப் பிடித்துக்கொண்டு பாரிஸ் வீதிகளில் நடக்கிறவளும் நான்தான்.

"அது வேறை நாடு, வேறை ஆக்கள். அங்கை உன்ரை பிள்ளை தவழுது" என்றேன்.

"அக்கா, குசினிக்குப் பின்னாலை கிடங்கு வெட்டி என்னை இறக்கினனீங்கள். ஞாபகம் இருக்கோ?"

ஞாபகம் இல்லாமலா? வீட்டுக்கு ஒரு ஆள் என்று இயக்கம் போருக்குப் பிடித்துக்கொண்டு போன காலம். வன்னியில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளை நிலத்துக்குள் ஒளித்தார்கள். நான் தனியாகக் கிடங்கு வெட்டி, தகர எண்ணெய்ப் பரல் ஒன்றை இறக்கி, மூச்சுக்குக் குழாய் விட்டு, மேலே விறகு அடுக்கினேன். ஆள் பிடிக்க வந்தவர்களிடம், அவன் எப்போதோ இராணுவத்தின் பக்கம் தாண்டிவிட்டான் என்று தலையில் அடித்து அழுது நடித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரேயொரு பெரிய காரியம் அது. லா சப்பலில் பலருக்கு அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

"மேலை அவங்கள் நடக்கிற சத்தம் கேக்கும்" என்றான். "உங்களை வெருட்டுறது கேக்கும். என்ரை கையிலை ஒண்டும் இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தன். மூடியைத் திறந்தாங்கள் எண்டா என்ன செய்யிறது எண்ட யோசினை மட்டும்தான். இண்டைக்கும் படுத்தா அதுதான் வருது. உது அலுமாரிக்குள்ளை இருக்கு எண்டாத்தான் எனக்கு நித்திரை. உங்களுக்கு விளங்காது அக்கா. நீங்கள் மேலை நிண்டனீங்கள்."

பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, இன்னும் அடங்கவில்லை. எதை அவன் கை தொடக்கூடாது என்று மண்ணைக் கிண்டி அவனைப் புதைத்து வைத்தேனோ, அதையே தேடிப்போய்ச் சொந்தக் காசில் வாங்கி வைத்திருக்கிறான். அதற்குக் காரணமும் நான் புதைத்ததுதானாம். அவன் சொன்னது பொய்யாக இருந்தால் விமானம் ஏறிப்போய், கன்னத்தில் ஒன்று கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கியிருப்பேன். பொய்யில்லை என்று எனக்குத் தெரியும்; அதை அவனிடமிருந்து பறிக்கவும் மனமில்லை, அது இருக்கிற வீட்டுக்குள் போகவும் மனமில்லை. அதனால்தான் போகவில்லை.

கடைக்கு வருகிறவர்கள் இன்னும் கேட்கிறார்கள், "என்ன அக்கா, அமெரிக்காப் பயணம் எப்ப?" என்று. விசா தரவில்லை என்று சொல்கிறேன். இந்தத் தெருவில் அதை நம்பாதவர்கள் கிடையாது. "உவங்கள் உப்பிடித்தான்" என்று அமெரிக்காக்காரனைத் திட்டியபடி முருங்கைக்காயைப் பொறுக்கி எடுக்கிறார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து திட்டுகிறேன்.